கைக்குப் பதினாலு வயது, வாய்க்கு ஐந்து

சிவனேஸ்வரி ரீச்சர் எங்கள் குடியேற்றக் கொலனிக்கு வந்தது அறுபத்து மூன்றாம் ஆண்டு, காலபோக நெல்லுக்கு உழவு தொடங்கியிருந்த நேரம். மல்லாவியில் பஸ்ஸால் இறங்கி, அங்கிருந்து என்னுடைய மாட்டு வண்டிலில் வந்து சேர்ந்தார். உரமூடை ஏற்றப் போன நான் ரீச்சரையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்தேன். அவருடைய சாமான் மூன்று. ஒரு தகரப் பெட்டி, ஆம்பிளைகள் பிடிக்கிற பெரிய குடை ஒன்று, துணியால் சுற்றிய சின்ன மரப்பெட்டி ஒன்று. தகரப் பெட்டியை நான் உரமூடைக்கு மேலே எறிந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. மரப்பெட்டியில் கை வைத்ததும், "அதை நான் மடியிலை வைச்சுக்கொண்டு வாறன் அண்ணை" என்றார்.

கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு மணிக்கூடு தொங்கியது. தலையில் அமத்தினால் ஓடும், திரும்ப அமத்தினால் நிற்கும். ஓட்டப் பந்தயத்துக்கு வைத்திருக்கிற சாமான். வண்டில் மல்லாவிச் சந்தியை விட்டதும் ஒருதரம் அமத்தினார். கொலனியில் எங்கள் பிரிவான யூனிற்றின் பள்ளிக்கூட வாசலில் இன்னொருதரம் அமத்தினார்.

"ஒரு மணித்தியாலம் இருபத்திரண்டு நிமிஷம்."

"மாட்டுக்குச் சொல்லுங்கோ ரீச்சர். அதுக்குத் தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார்.

அப்போது அவருக்கு இருபத்தாறு வயதிருக்கும். யாழ்ப்பாணத்தில் அளவெட்டிப் பக்கம். ஆள் கட்டை, கண்ணாடி பெரிது. அன்னபாக்கியம் அக்கா வீட்டில் ஓர் அறையில் தங்கினார். ஒரு மாதத்துக்குள் கொலனி முழுவதும் அவருக்கு 'மணிக்கூட்டு ரீச்சர்' என்று பெயர். தேத்தண்ணீர் கொதிக்க எத்தனை நிமிஷம், வாய்க்காலில் மதகைத் திறந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர எத்தனை நிமிஷம், பிள்ளையார் கோயில் ஐயர் பூசையைச் சனிக்கிழமை எத்தனை நிமிஷத்தில் முடிக்கிறார், வெள்ளிக்கிழமை எத்தனை நிமிஷத்தில் முடிக்கிறார் என்று எல்லாம் அந்தக் கொப்பியில் இருந்தது. ஐயர் அதற்குப் பிறகு சனிக்கிழமையும் கொஞ்சம் ஆறுதலாகவே மணி அடித்தார்.

அன்னபாக்கியம் அக்கா ஒருநாள் என்னிடம் முறைப்பட்டார். "நல்ல பிள்ளை ஐயாத்துரை. ஆனால் நான் ஒரு கதை சொல்லி முடிக்க முன்னம் அந்த மணிக்கூட்டைப் பாக்குது. எனக்குக் கதையே வருகுதில்லை."

"அப்ப நல்ல சாமான்தான் அக்கா. எனக்கும் ஒண்டு வேண்டித் தரச் சொல்லுங்கோ" என்றேன். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பள்ளிக்கூடம் என்று சொன்னது கிடுகு வேய்ந்த ஒரு நீட்டுக் கொட்டில். அரைச் சுவர். ஐந்து வகுப்புக்கும் ஒரே காற்று. பெரிய வாத்தியார் ஏரம்பு நல்ல மனிதர், ஆனால் வித்தியாதரிசி வருகிறார் என்று கடிதம் கண்டால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது. பள்ளிக்கூடங்களைப் பார்வையிட வருகிற அந்த உத்தியோகத்தர் எத்தனை பிள்ளை சித்தி, எத்தனை பிள்ளை தவறல் என்று கேட்பார். எங்கள் பள்ளிக்கூடத்தில் பதினொரு பிள்ளைகள் ஒரே வகுப்பில் இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று குந்திக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் காணி கிடைத்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இருக்க வாங்கு இல்லை. பெரிய வாத்தியார் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். பதினொரு பேரையும் இடாப்புப் பதிவில் வெட்டிவிட்டால் வாங்கும் கிடைக்கும், தவறல் கணக்கும் தீரும்.

அந்தப் பதினொன்றில் ஒருத்தி என் மூத்த மகள் ஜெகதீஸ்வரி. வயது பன்னிரண்டு. மூன்றாம் வகுப்பில் மூன்றாம் வருஷம். நானும் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். அந்த வகையில் அவள் என்னை எட்டிப் பிடித்திருந்தாள், ஆனால் தாண்டுகிற அறிகுறி இல்லை. வாசிக்கச் சொன்னால் புத்தகத்தைப் பார்த்து வேர்க்கும். எட்டு வயதுப் பிள்ளைகளோடு முழங்காலை மடக்கிக்கொண்டு அந்தச் சின்ன வாங்கில் இருப்பாள்.

பெரிய வாத்தியார் கடைத் தெருவில் என்னைக் கண்டு விஷயத்தைச் சொன்னபோது, "நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ. வீட்டிலை வேலை இருக்கு" என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து அதையே சொன்னேன். ஜெகதீஸ்வரி எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். அன்று பின்னேரமும் வழமைபோல இருந்த ஒரேயொரு வெள்ளைச் சட்டையைத் தோய்த்து, கொடியில் போட்டு, சுருக்கம் விழாமல் கையால் தடவிக்கொண்டு நின்றாள். அடுத்த நாளும் தோய்த்தாள். அதற்கடுத்த நாளும். எனக்குப் படிப்புப் பெரிய காரியமில்லை. ஆனால் அவளுக்கு அது காரியம் என்று அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. நாலாம் நாள் பெரிய வாத்தியாரிடம் போய், கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கேட்டேன்.

அவர், "என்னட்டைக் கேட்டு வேலையில்லை ஐயாத்துரை. சிவனேஸ்வரி ரீச்சர் ஒரு மாதம் தவணை கேட்டு நிக்கிறா. பிள்ளையளின்ரை புத்தியை அளந்து பாக்கப் போறாவாம்" என்றார்.

"எதாலை அளக்கிறது?"

"அந்த மரப்பெட்டியாலையாம்."

ஆசிரியர் கலாசாலையில் ரீச்சருக்குப் படிப்பித்த ஒருவர் இந்த வித்தையைக் காட்டிக் கொடுத்திருக்கிறார். பிள்ளையைத் தனியே கூப்பிட்டு முப்பது கேள்வி வாயால் கேட்பது. பிறகு பெட்டியில் இருக்கிற கட்டைகளைக் கொடுத்து, காட்டுகிற படத்தைப் போல அடுக்கச் சொல்வது. மணிக்கூட்டை அமத்தி நேரம் பார்ப்பது. எல்லாவற்றையும் கூட்டிப் பிரித்தால் பிள்ளையின் புத்திக்கு எத்தனை வயது என்று ஒரு கணக்கு வரும். கணக்கு ஒரு கோட்டுக்கு மேலே வந்தால் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும், எங்கே சிக்கல் என்று பார்த்துப் படிப்பிக்கலாம். கோட்டுக்குக் கீழே வந்தால் பெயரை வெட்டத் தானே கையெழுத்து வைத்துத் தருவதாக, நானும் கேட்டுக்கொண்டு நிற்க, ரீச்சர் பெரிய வாத்தியாரிடம் ஒப்புக்கொண்டார்.

இந்த அளவோடு நின்றிருந்தால் ஒரு பிழையும் நடந்திராது. ஆனால் ரீச்சருக்கு எதையும் முறைப்படி செய்ய வேண்டும். சோதனைக்கு முன்னம் ஒவ்வொரு வீடாகப் போய் ஒரு படிவம் நிரப்பவேண்டும் என்று கலாசாலையில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடையோடு எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"அண்ணை, பிள்ளை எத்தினை வயதிலை நடந்தவள்?"

"நடக்கிற வயதிலை."

"எத்தினை வயதிலை கதைச்சவள்?"

மனைவி இராசேஸ்வரி குசினியில் இருந்து, "அவள் கெதியாய்க் கதைச்சவள் ரீச்சர், பத்து மாதத்திலை" என்றாள். அதுவரைக்கும் நல்லதுதான். பிறகு ரீச்சர் கடதாசியைத் திருப்பினார்.

"வீட்டிலை எத்தினை பேர்? எத்தினை அறை? மாடு எத்தினை?"

எனக்கு முதுகுத் தண்டு நிமிர்ந்தது.

ஏனென்று சொல்லவேண்டும். எங்கள் கொலனியில் இருக்கிற ஒவ்வொருவனும் காணிக் கச்சேரியில் நின்று வந்தவன். குளத்தைக் கட்டி முடித்து அரசாங்கம் காணி கொடுத்த காலத்தில், உத்தியோகத்தர் மேசை போட்டு இருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். காணி இருக்கோ, வீடு இருக்கோ, மாடு இருக்கோ, பிள்ளை எத்தனை. இல்லாதவனுக்குத்தான் காணி. எனக்கு முன்னால் நின்றவன் தன்னிடம் பத்துத் தென்னை நிற்கிறது என்று பெருமை பேசினான். பெயரை வெட்டினார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் முறை வந்தபோது "ஒண்டுமில்லை ஐயா", "தெரியாது ஐயா" என்ற இரண்டையும் தவிர வேறு சொல் பேசவில்லை. மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் கிடைத்தன. அன்றைக்குப் பிறகு, கடதாசியை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிற ஆள் யாராக இருந்தாலும் எனக்கு அந்த இரண்டு பதில்தான்.

"மாடு ஒண்டுமில்லை ரீச்சர்" என்றேன்.

ரீச்சர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "நான் உங்கடை வண்டிலிலைதானே அண்ணை வந்தனான்."

"அது இரவல் மாடு."

பின்னால் கொட்டிலில் அந்த இரவல் மாடு கத்தியது. ரீச்சர் அதையும் எழுதினாரோ தெரியாது.

அவர் போனபிறகு நான் இருந்து யோசித்தேன். அரசாங்கம் ஏதோ கொடுக்கப் போகிறது. படிப்பு ஏறாத பிள்ளைக்கு வாங்கோ, தனிப் பள்ளிக்கூடமோ, தனி வாத்தியாரோ. அதற்குத்தான் இந்தக் கச்சேரி. இல்லாத பிள்ளைக்குத்தான் கொடுப்பார்கள். அப்படியென்றால் ஜெகதீஸ்வரி மேசைக்கு முன்னால் போய்த் தனக்கு அது தெரியும், இது தெரியும் என்று பெருமை பேசினால் பத்துத் தென்னைக்காரனின் கதைதான்.

அன்று பின்னேரம் அவளைக் கூப்பிட்டு இருத்தினேன்.

"ரீச்சர் ஒரு கேள்வி கேப்பா. என்ன சொல்லுவாய்?"

"தெரிஞ்சதைச் சொல்லுவன் அப்பா."

"அங்கைதான் பிழை விடுறாய். இருக்கோ எண்டு கேட்டால் இல்லை எண்டு சொல்லு. தெரியுமோ எண்டு கேட்டால் தெரியாது எண்டு சொல்லு. கையைக் கட்டிக்கொண்டு நில். சிரிக்காதை."

"பேரைக் கேட்டால்?"

"பேரைச் சொல்லலாம். பேருக்கு மேலை ஒண்டும் சொல்லாதை."

கெட்டித்தனமாகப் பிடித்துக்கொண்டாள். நான் என்ன கேட்டாலும் தப்பவில்லை. அதோடு நின்றேனா? அடுத்த நாள் வாய்க்காலடியில் பக்கத்துக் காணிக்கார வீரகத்தியிடம் சொன்னேன். அவனுடைய மகனும் பதினொன்றில் ஒருவன். "மச்சான், நீ ஒரு ஆள்தான் இந்தக் கொலனியிலை விசயம் தெரிஞ்சவன்" என்றான். தண்ணீர் கடைசி வயலுக்குப் போய்ச் சேர முன்னம் என் யோசனை பதினொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ரீச்சர் அதற்கு நேரம் பார்த்திருந்தால் கொப்பியில் எழுதியிருக்கலாம்.

சோதனை நடந்த நாள் நான் பள்ளிக்கூடக் கூரையில் இருந்தேன். ஒளிந்திருக்கவில்லை. பெற்றோர் சேர்ந்து கூரை வேய்கிற முறை, எனக்கு அந்தப் பக்கம் வந்தது. சாமான் வைக்கிற சின்ன அறைக்கு மேலே கிடுகு கட்டிக்கொண்டிருந்தேன். கீழே ரீச்சரும் மகளும்.

"உன்னட்டை எட்டு மாம்பழம் இருக்கு. மூண்டைத் தம்பிக்குக் குடுக்கிறாய். மிச்சம் எத்தினை?"

"எங்களிட்டை மாம்பழம் இல்லை ரீச்சர்."

"இருக்கெண்டு வைச்சுக்கொள்ளு."

"வைக்க இடமும் இல்லை ரீச்சர்."

மணிக்கூடு 'டிக்' என்றது.

"ஒரு கிழமைக்கு எத்தினை நாள்?"

"தெரியாது."

"சரி. இதைச் சொல்லு. கொம்மா காலமை எழும்பினதும் முதல் என்ன செய்வா?"

"அம்மாவிட்டையும் ஒண்டும் இல்லை ரீச்சர்."

கூரையில் இருந்த எனக்குப் பெருமையில் கிடுகு கையில் நிற்கவில்லை. இவள் கச்சேரிக்கென்றே பிறந்தவள் என்று நினைத்தேன். முப்பது கேள்விக்கும் ஒரு பதில் வழுக்கவில்லை. பிறகு கேள்வி நின்று, மரக்கட்டை தட்டுப்படுகிற சத்தம் கேட்டது. சிவப்பும் வெள்ளையும் பூசிய ஒன்பது கட்டைகள். அதை அடுக்குவதைப்பற்றி நான் அவளுக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஏனென்றால் கச்சேரியில் கட்டை இல்லை. சும்மா விளையாட விட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

"முடிஞ்சுது ரீச்சர்."

"முடிஞ்சுதோ? அதுக்குள்ளையோ? சரி, இந்தப் படத்தைப் பார்."

டக், டக், டக்.

"முடிஞ்சுது ரீச்சர்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரீச்சர் திரும்பவும் எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் சரியில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இராசேஸ்வரி பனங்கட்டியோடு தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதற்குக்கூட நேரம் பார்க்கவில்லை.

"ஐயாத்துரை அண்ணை, உங்கடை மகளின்ரை கைக்குப் பதினாலு வயது. வாய்க்கு ஐஞ்சு வயது."

"முழுப் பிள்ளைக்கும் பன்ரண்டு வயதுதான் ரீச்சர்."

"பகிடி விடாதேங்கோ. கட்டை அடுக்கினதிலை பதினொரு பிள்ளையளுக்குள்ளையும் அவள்தான் முதல். இந்தப் பள்ளிக்கூடத்திலை நல்லாய்ப் படிக்கிற பிள்ளையளுக்கும் குடுத்துப் பாத்தனான், அவையும் அவளுக்குப் பின்னாலைதான். ஆனால் வாயாலை கேட்டதுக்கு ஒரு கேள்விக்கும் மறுமொழி இல்லை. ஒரு கிழமைக்கு எத்தினை நாள் எண்டு தெரியாதாம். கூட்டிப் பிரிச்சால் கோட்டுக்குக் கீழை வருகுது."

நான் மடியில் சுருட்டைத் தேடினேன்.

"அவள் மட்டுமில்லை. பதினொரு பேருக்கும் வாய்க்கு ஐஞ்சு வயது. பதினொரு பேரும் ஒரே சொல். ஒரே மாதிரிக் கையைக் கட்டுதுகள். புதன்கிழமை வித்தியாதரிசி வாறார். நான் சொன்ன சொல்லுப்படி கணக்கைக் குடுக்கவேணும். குடுத்தால் பதினொரு பேரும் இடாப்பிலை வெட்டுப்படும்."

"வெட்டுப்படுமோ?" என்றேன். "இல்லாத பிள்ளையளுக்குத்தானே ஏதோ குடுக்கினம்?"

"ஆர் சொன்னது? நான் அண்டைக்கே பெரிய வாத்தியாருக்கு முன்னாலை சொன்னனானே, கோட்டுக்கு மேலை வந்தால்தான் இருக்கலாமெண்டு."

சொன்னதுதான். ஆனால் கடதாசி வைத்திருக்கிற ஆட்கள் சொல்வதை நான் ஒருநாளும் அப்படியே எடுத்துக்கொண்டதில்லை. கொடியில் வெள்ளைச் சட்டை ஆடிக்கொண்டிருந்தது. இராசேஸ்வரி குசினி வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

"சொல்லுங்கோவன்" என்றாள்.

"எதை?"

"அண்டைக்குப் பின்னேரம் பிள்ளையை இருத்திவைச்சுப் படிப்பிச்சனீங்களே, அதை. வாழ்க்கையிலை ஒருநாள்தான் அவளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தனீங்கள்."

சொன்னேன். கச்சேரி, தென்னைக்காரன், வாய்க்காலடி, வீரகத்தி, எல்லாம். ரீச்சர் ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் கொப்பியைத் திறந்தார்.

"எத்தினை மணிக்குச் சொல்லிக் குடுக்கத் தொடங்கினீங்கள்?"

"மாடு கட்டினாப்பிறகு."

"எவ்வளவு நேரத்திலை பிடிச்சாள்?"

"ஒரு சுருட்டு முடிய முன்னம்."

எழுதி முடித்துவிட்டு முதன்முதலாகச் சிரித்தார். "அப்ப பாருங்கோ அண்ணை. என்ன கேப்பன் எண்டு தெரியாத முப்பது கேள்விக்கு, ஒரு சுருட்டு நேரத்திலை பழகினதை வைச்சு ஒரு இடமும் தப்பாமல் மறுமொழி சொன்ன பிள்ளை. இந்தப் பிள்ளை மொக்கோ?"

"அப்ப நாளைக்கே திரும்பக் கேளுங்கோ. நான் இண்டைக்கு மாத்திச் சொல்லிக் குடுக்கிறன்."

"ஏலாது. ஒருக்கால் வைச்ச சோதனையை ஆறு மாதத்துக்குள்ளை திரும்ப வைக்கக் கூடாது. அது சட்டம்."

"ஆருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்" என்றார் ரீச்சர். அந்த விஷயத்தில் அவர் மாட்டைவிடப் பிடிவாதம். "ஒரு வழிதான் இருக்கு. புதன்கிழமை நீங்கள் வந்து இப்ப சொன்னதை வித்தியாதரிசியிட்டைச் சொல்லவேணும்."

அவர் போனதும் நான் இராசேஸ்வரியிடம் பாய்ந்தேன். விஷயம் என்னவென்றால், கச்சேரியில் நான் காணி இல்லை என்று சொன்னேன் அல்லவா, இவளுக்குச் சீதனமாக வந்த நாலு பரப்பு, கால் ஏக்கர் பனங்காணி யாழ்ப்பாணத்தில் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஒரு உத்தியோகத்தருக்கு முன்னால் போய், 'இல்லை என்று சொல்லப் பழக்கினேன்' என்று தொடங்கினால், 'நீ எங்கே பழகினாய்' என்று கேட்பான். அங்கேயிருந்து நாலு பரப்புக்குப் போக எவ்வளவு தூரம்? ஐந்து ஏக்கரையும் பிடுங்கிப் போடுவார்கள் என்று எனக்குப் பயம்.

"அது என்ரை காணி. உங்கடை பேரிலை இல்லை" என்றாள் அவள்.

"கேக்கிறவன் அப்பிடி வகுத்துக் கேக்கமாட்டான்."

"அப்ப போகாதேங்கோ. சட்டையை இனித் தோய்க்க வேண்டாமெண்டு பிள்ளைக்கு நீங்களே சொல்லுங்கோ."

புதன்கிழமை போனேன்.

வித்தியாதரிசி மெலிந்த மனிதர், வியர்வையைத் துடைத்துத் துடைத்துக் கதிரையில் இருந்தார். பெரிய வாத்தியார் பதினொரு பெயரையும் வடிவாக எழுதிய கடதாசியை மேசையில் வைத்திருந்தார். ஜெகதீஸ்வரி வெள்ளைச் சட்டையோடு சுவரோரம் நின்றாள். ரீச்சர் தன் கணக்கை விளங்கப்படுத்தினார். கை இவ்வளவு, வாய் இவ்வளவு, இரண்டும் இப்படி எட்டத்தில் நிற்கக் கூடாது, நின்றால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். வித்தியாதரிசிக்குக் கூட்டுத்தொகைதான் வேண்டியிருந்தது.

"கூட்டினால் கீழைதானே ரீச்சர் வருகுது?"

"ஓம் ஐயா. ஆனால் என்ன நடந்ததெண்டு இவர் சொல்லுவார்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மேசை. கடதாசி. அதற்குப் பின்னால் ஒரு உத்தியோகத்தர்.

"என்ன நடந்தது?" என்றார்.

"எனக்கொண்டும் தெரியாது ஐயா" என்றேன்.

நான் சொல்லவில்லை, வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. கையும் தானாகக் கட்டுப்பட்டிருந்தது. ரீச்சருடைய கண்ணாடிக்குப் பின்னால் கண் பெரிதானது. சுவரோரம் நின்ற மகளைப் பார்த்தேன். அவளும் அதேபோலக் கையைக் கட்டிக்கொண்டு, இனி என்ன செய்வது என்று என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கட்டின கையை அவிழ்த்தேன்.

"தெரியும் ஐயா" என்று தொடங்கி, நாலு பரப்பை விட்டு மிச்சம் எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய வாத்தியாருக்கு இருமல் வந்தது. வித்தியாதரிசி கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். வியர்வை வாயில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"பிள்ளை இஞ்சை வா" என்று அவளைக் கூப்பிட்டார். "உன்னட்டை எட்டு மாம்பழம் இருக்கு..."

"ஐயா, அந்தக் கேள்வியைத் திரும்பக் கேக்கக் கூடாது" என்றார் ரீச்சர்.

"ஏன்?"

"சட்டம்."

"சரி, தேங்காயைக் கேக்கிறன். அதுக்குச் சட்டம் இல்லையே? பிள்ளை, உங்கடை வளவிலை பதினைஞ்சு தேங்காய் விழுந்தது. ஏழைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தாச்சு. மிச்சம்?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"உள்ளதைச் சொல்லு பிள்ளை" என்றேன்.

"எட்டு" என்றாள் உடனே. பிறகு மூச்சு விடாமல், "ஆனால் எங்கடை தென்னை இன்னும் காய்க்கேல்லை ஐயா. மாடு நாலு இருக்கு, ஒண்டு சினை. வண்டில் மாடு இரவலில்லை. அம்மாவுக்கு யாழ்ப்பாணத்திலை நாலு பரப்புப் பனங்காணி இருக்கு. அதை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டு அப்பா சொன்னவர்" என்றாள்.

நான் கூரையைப் பார்த்தேன். நான் கட்டின கிடுகு ஓரிடத்தில் விலகியிருந்தது.

வித்தியாதரிசி அதற்குமேல் அடக்கவில்லை, விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காணி விசயம் என்ரை கந்தோர் வேலை இல்லை" என்றார் எனக்கு. புத்தகத்தை எடுத்து அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அங்கே எல்லாம் நின்றது. முதல் வரியில் விரலை வைத்துக்கொண்டு வேர்த்தாள். சிரிப்பும் நின்றது.

"இதுதான் ஐயா" என்றார் ரீச்சர் மெதுவாக. "இப்ப பாருங்கோ. கணக்கு மனதிலை போகுது. கதை போகுது. கை எல்லாரிலும் கெட்டி. எழுத்தைக் கண்ணாலை கண்டால் மட்டும் அவளுக்கு அது நிலையாய் நிக்குதில்லை. இவளுக்குப் புத்தி காணாதெண்டில்லை, எங்கடை படிப்பிப்புக் காணாது. ஆறு மாதம் தாங்கோ."

வித்தியாதரிசி பெரிய வாத்தியாரின் கடதாசியை நாலாக மடித்துத் தன் பொக்கற்றில் வைத்தார். ஆறு மாதம் பதினொரு பெயரும் இடாப்பில் இருந்தன.

தண்டனை எனக்குத்தான் கிடைத்தது. பெரிய பெரிய எழுத்தாக, உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும், பலகையில் வெட்டித் தரச் சொன்னார் ரீச்சர். கண்ணுக்குப் பிடிபடாததை விரலுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறாராம். முதிரைப் பலகையில் எழுத்து வெட்டிப் பார்த்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். கொண்டுபோய்க் கொடுத்தால், "அண்ணை, இது மறுபக்கம் பாத்துக்கொண்டு நிக்குது" என்று இரண்டைத் திருப்பி அனுப்பினார். ஜெகதீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பலகைகளைத் தடவித் தடவி எழுத்தைச் சொல்லுவாள். மாடு கட்டுகிற இடத்தில்கூட ஒன்று கிடக்கும். ஒருநாள் இருட்டில் 'ஞ்' காலில் இடறி நகம் போனது.

ஆறு மாதம் கழித்துத் திரும்பச் சோதனை வைத்தபோது கொலனி வேறு யோசனையில் இருந்தது. உள்ளதைச் சொன்னால்தான் இடம் என்று தெரிந்துவிட்டது அல்லவா. வீரகத்தியின் மகன் எட்டு மாம்பழக் கேள்விக்கு, "எங்களிட்டை எட்டில்லை ரீச்சர், எண்பது இருக்கு" என்றானாம். ரீச்சர் அதையும் எழுதிவைத்துக்கொண்டு, எண்பதில் மூன்று போனால் எத்தனை என்று கேட்டாராம். சரியாகச் சொன்னான். பதினொன்றில் எட்டுப் பேர் கோட்டுக்கு மேலே வந்தார்கள். ஒருவனுக்குக் கண் பார்வை குறைவு, கண்ணாடி போட்டதும் மேலே வந்தான். மிச்ச இரண்டு பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஏறவில்லை. கையெழுத்து வைக்கிறேன் என்று சொல்லியிருந்த ரீச்சர் அந்த இரண்டு பேருக்கும் கையெழுத்து வைக்காமல், தன் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு பலாக்கட்டையைப் போட்டு இருத்தினார். அவருக்குச் சட்டம் தவறிப் போனது அந்த ஒரு இடத்தில்தான். பெரிய வாத்தியார் கேட்டபோது, "அவை வாங்கிலை இல்லையே சேர்" என்றாராம்.

நாலு வருஷம் எங்களோடு இருந்தார். பஸ் வருகிற நேரத்தை நாள்தோறும் எழுதி, பஸ் நிலையத்தில் நேரம் எழுதுகிற யோகநாதன் என்பவரோடு கடிதத்தில் சண்டை பிடித்துச் சண்டை பிடித்து, கடைசியில் அவரையே கலியாணம் முடித்தார். முகூர்த்தம் இரண்டு நிமிஷம் பிந்தியது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். பிறகு முள்ளியவளைக்கு மாற்றலாகிப் போனார். போகும்போதும் என்னுடைய வண்டில்தான். மரப்பெட்டி மடியில். பலகை எழுத்து முப்பதையும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்.

போன வருஷம் காணி உத்தியோகத்தர் கொலனிக்கு வந்தார். எனக்குப் பிறகு காணி யாருக்கு என்று ஒரு பெயர் கொடுக்கவேண்டும், ஒரு பெயர்தான் கொடுக்கலாம். வீரகத்தி, "ஆம்பிளைப் பிள்ளையும் இருக்குத்தானே, மகன்ரை பேரைக் குடு மச்சான்" என்றான். நான் ஜெகதீஸ்வரியின் பெயரைக் கொடுத்தேன். உத்தியோகத்தர் படிவத்தைத் தள்ளி, கையெழுத்து வைக்கிற இடத்தை விரலால் காட்டினார். பேனையை எடுத்தேன்.

"பொறுங்கோ அப்பா. வாசிச்சிட்டு வையுங்கோ" என்றாள் மகள்.

கடதாசியை வாங்கி, எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, மெல்ல மெல்ல, ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். பின்னால் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். உத்தியோகத்தர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"தங்கச்சி, கெதியாய்."

"அவளுக்கு நேரம் வேணும் ஐயா, இருங்கோ" என்றேன்.

ஏழாவது கேள்வியில் விரல் நின்றது. "காணி உத்தரவுப்பத்திரம் உடையவருக்கோ அவர் மனைவிக்கோ வேறு இடத்தில் காணி உண்டா" என்று வாசித்தாள். பிறகு, அம்மாவின் நாலு பரப்புக்கு என்ன சொல்வது என்று கேட்பதுபோல நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

பேனை என் கையில் இருந்தது.